கப்பல் ஊதும்வரை பெருக்காதே

போன வாரம் எங்கள் ஓட்டலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘எங்கள் ஓட்டல்’ என்று எழுதுவதே பிசகு. நான் வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. ஆனால் இருபத்தேழு வருஷம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவளுக்கு வாய் அவ்வளவு சீக்கிரம் திருந்தாது. எழுதியவள் இவோன். எனக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேலாளர். அப்பா காரைக்கால் தையற்காரர், அம்மா இந்தச் சைகோன் ஊர்க்காரி. கெட்டிக்காரப் பெண். மின்சாரத்தில் ஓடும் துடைப்ப யந்திரம் ஒன்றைக் கப்பலில் வரவழைத்திருக்கிறாள். பத்தே நிமிஷத்தில் ஓர் அறையை உறிஞ்சி எடுத்துவிடுமாம்.

கடிதம் புகார்க் கடிதம். இரண்டாவது மாடியில், நடைவழியின் கோடியில் நான் குடியிருந்த அறையை யாரும் பெருக்க லான் விடமாட்டேன் என்கிறாளாம். லான் அங்கே தலைமைப் பணிப்பெண், இந்த நாட்டு அன்னமியப் பெண், இந்தக் கதையில் மறுபடியும் வருவாள். ஏன் விடவில்லை என்று கேட்டால் விதிப் புத்தகத்தை எடுத்து ஏழாவது விதியைக் காட்டுகிறாளாம். ‘புறப்பட்டுப் போன விருந்தினரின் அறையை, அவர் ஏறிய கப்பல் ஊதிக் கிளம்பும்வரை பெருக்கலாகாது.’ மதாம் மரகதம் போய்விட்டார், ஆனால் அவரை ஏற்றிக்கொண்டு எந்தக் கப்பலும் இன்னும் ஊதவில்லை, ஆகவே பெருக்கலாகாது என்பது லானின் வாதம். மூன்று மாதத் தூசி அப்படியே கிடக்கிறது.

‘இந்த விதிக்குக் காரணம் என்ன, சுகாதாரமா? உங்கள் கப்பல் எப்போது?’ என்று இரண்டு கேள்விகளோடு இவோன் முடித்திருந்தாள். இரண்டாவது கேள்வியை மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் நம் ஜனங்களும் கேட்கிறார்கள். “எப்பக்கா ஊருக்கு?” என்று. விபூதியை வாயில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். முதல் கேள்விக்காவது பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் சைகோனுக்கு வந்தது ஓட்டல் நடத்த அல்ல, குடும்பம் நடத்த. கணவர் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். வந்த இரண்டாம் வருஷம் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. பாடை தெருமுனை திரும்பும் முன்பே, உதவிக்கு வந்திருந்த பெண்கள் வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டார்கள். அதுதான் வழக்கம், அவர்கள் மேல் தவறில்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்திருந்த என் காதில் அந்த விளக்குமாற்றுச் சத்தம் விழுந்தபோதுதான் அவர் இனி வரமாட்டார் என்பது எனக்கு உறைத்தது. அழுகையைவிட அந்தச் சத்தம்தான் பொறுக்க முடியாமல் இருந்தது.

பதினாறாம் நாள் முடிவதற்குள் ஊரிலிருந்து மைத்துனர் கடிதம் போட்டார். ‘அடுத்த கப்பலில் ஏறி வந்துவிடவும். இங்கே அடுப்படிக்கு ஆள் இல்லை.’ ஆறுதல் வார்த்தை அவ்வளவுதான். மிச்சமிருக்கும் ஆயுளை அந்த அடுப்படியில் கழிப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.

பள்ளிவாசல் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த நாகூர் மரைக்காயர் ஒருவர்தான் வழி காட்டினார். ஓட்டலுக்குப் படுக்கை விரிப்பெல்லாம் அவர் கடைச் சரக்கு.

“தங்கச்சி, ஓட்டல் மதாமுக்குத் துணியறை பாத்துக்க நம்பிக்கையான பொம்பளை ஒண்ணு வேணுமாம். ஒனக்குத்தான் கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு தெரியுமே, போய்ப் பாரு. கப்பல் எங்கயும் ஓடிப் போயிடாது, மாசத்துக்கு ரெண்டு வருது.”

போனேன். ஓட்டலில் எல்லாப் பெண்களுக்கும் வெள்ளை உடை. எனக்கு மட்டும் புதிதாகத் தைக்க வேண்டியிருக்கவில்லை.

மதாம் ரொசாலி கோர்சிகாத் தீவுக்காரர். குள்ளம், உருண்டை, மார்பில் ஒரு கடிகாரத்தைக் குத்தியிருப்பார். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன் சாவிச் சத்தம் வரும், அதற்கும் முன் வசவு வரும். அவர் பேசியது பிரெஞ்சு. என் காதில் அது காரைக்கால் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

துணியறையில் மூன்று வருஷம். விரிப்பை மடித்தேன், கிழிசலைத் தைத்தேன், நாப்கினை எண்ணினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது மாடி அறைகளையும் நாலு பணிப்பெண்களையும் என்னிடம் ஒப்படைத்தார். அன்றைக்குத்தான் உண்மையான பாடம் ஆரம்பித்தது.

ஓர் அறை காலியானால் என்ன செய்ய வேண்டும் என்பதை மதாம் வேதம்போல வைத்திருந்தார். பெட்டிகள் படியிறங்கியதும் ஜன்னலைத் திற. விரிப்பை உருவு, நீளத் தலையணையைத் தட்டு, கூஜாவைக் கழுவு. கட்டில் கால்கள் நிற்கும் தகரக் கிண்ணங்களில் எறும்பு ஏறாதபடி தண்ணீரை மாற்றி நாலு சொட்டு மண்ணெண்ணெய் விடு. பெருக்கு, ஈரத்துணி போடு. எல்லாம் இருபத்தைந்து நிமிஷம். பெண்கள் வெறுங்காலோடுதான் அறைக்குள் போக வேண்டும். செருப்பு பட்டால் மரத்தரையில் கீறல் விழும். கடைசியில் கொசுவலைப் பரீட்சை. மதாமே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வலைக்குள் ஏறி, சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கண்ணை மூடி ஐந்து நிமிஷம் படுத்திருப்பார். நாங்கள் நாலு பக்கமும் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஒரு கொசு கடித்தாலும் அறை தோற்றது. ஒரு தடவை அவர் அப்படியே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. முக்கால் மணி நேரம் கழித்து விழித்து, “கொசு இல்ல, நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. ஆள் படியிறங்கும்போதே பெருக்க வேண்டும் என்பது.

நம் வீடுகளில் தெரியுமே. ஊருக்குப் போகிறவர் வாசல் தாண்டியதும் யாராவது விளக்குமாற்றைத் தொடுவார்களா? உயிரோடு போனவர் போய்ச் சேரட்டும் என்று வீட்டை அப்படியே போட்டு வைப்போம். உடனே பெருக்கிக் கழுவுவது பிணம் போன வீட்டை. என் அம்மாவாக இருந்தால் விளக்குமாற்றைக் கண்ணில் படாமல் ஒளித்தே வைத்துவிடுவாள். இங்கேயோ கப்பல் நாளன்று காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் புறப்படுவார்கள். பன்னிரண்டு உயிரை நான் பெருக்கித் தள்ள வேண்டும்! முதல் நாள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். அந்தப் பழைய சத்தம் காதுக்குள் கேட்டது. வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன் உக்காந்துருக்கே?” என்று மதாம் கேட்டார்.

“தூசி அடங்கட்டும் மதாம். ஆளு நடமாடுன ஒடனே பெருக்குனா தூசி பறந்து கட்டில்ல உக்காந்துக்கும்.”

என் தொழில் வாழ்க்கையின் முதல் பொய். சுகாதாரம் என்று இவோன் கேட்கிறாளே, அந்தப் பெயர் அன்றைக்குத்தான் வந்தது. மற்ற வேலைகளை எல்லாம் செய்துவிட்டு, ஆற்றிலிருந்து கப்பல் ஊதிய பிறகு பெருக்கினேன். அன்று புதிதாக வந்திறங்கிய ஒரு பிஷப், அறை கிடைக்காமல் கூடத்தில் தன் பெட்டி மேலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். மதாம் எனக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தார்.

அடுத்த கப்பலுக்கு ஒரு தந்திரம் செய்தேன். பெண்களை நடைவழியைப் பெருக்கச் சொன்னேன், சரசரவென்று நன்றாகச் சத்தம் கேட்கும்படி. கீழே இருக்கும் மதாம் அறைகளைத்தான் பெருக்குகிறோம் என்று நினைத்துக்கொள்வார். நினைத்தார். ஆனால் சத்தம் ஒரு மணி நேரமாகியும் ஓயாததால் மேலே வந்து பார்த்தார். நடைவழி கண்ணாடி மாதிரி இருந்தது. அறைகளில் வாழைப்பழத் தோல்கூட இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது எச்சரிக்கை.

“மரகதம், மூணாவது எச்சரிக்கைன்னு எங்கிட்ட ஒண்ணு கெடையாது. அடுத்த தடவை ஒனக்கும் சேத்துத்தான் கப்பல் ஊதும்” என்றார்.

சொன்னதைச் செய்கிறவர். மைத்துனரின் அடுப்படி என் கண் முன்னால் புகைந்தது. அந்தப் பதினைந்து நாளும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன். கூலிக்கு வேலை செய்கிறவளுக்குச் சாஸ்திரம் என்ன என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கப்பல் நாளும் வந்தது.

அன்றைக்குப் பதினாலாம் எண் அறையில் ஒரு ரப்பர் தோட்டத் துரையும் அவர் மனைவியும் பிரான்சுக்குப் புறப்பட்டார்கள். ஒன்பது மணிக்குப் போனார்கள். கப்பல் பன்னிரண்டுக்கு. மற்ற அறைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பெண்களிடம் விட்டுவிட்டேன், பெருக்கிவிட்டார்கள். பதினாலில் மட்டும், கதவைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது. அந்த அம்மாள் முகப்பவுடர் டப்பாவை மேசையடியில் போட்டு உடைத்திருந்தாள். கருப்பு மரத்தரை முழுவதும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சாம்பல் தூவிய இடம் போல இருந்தது எனக்கு. லான் விளக்குமாற்றோடு நின்றாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

“இது ஒண்ணாவது கெடக்கட்டும்டீ” என்று கதவைச் சாத்தினேன். என் வேலை போய்விட்டது என்று தெரிந்தேதான் சாத்தினேன்.

பத்தரை மணிக்குத் துரை திரும்பி வந்தார், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரோடு. கையில் ஒரு சீட்டு. கப்பலில் ஏறியதும் மனைவி நகைப்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள்; வைர வளையல் இல்லை. நடந்ததை எல்லாம் அவளே எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தாள். துரை அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசித்தார். ‘எட்டு மணிக்கு வளையலைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மேசைமேல் வைத்தேன். உடனே பவுடர் கொட்டிவிட்டது. அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பிறகு மாடி ஏறவே இல்லை. கீழே வண்டியில் இருந்தேன். என் கணவர்தான் போய்ப் பெட்டிகளை எடுத்து வந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தண்ணீர் கொண்டுவரும் பெண்தான் அறைக்குள் போயிருக்க வேண்டும்.’

தண்ணீர் கொண்டுவரும் பெண் லான். இன்ஸ்பெக்டரோடு வந்த சிப்பாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை வாக்குக்கு எதிர்வாக்கு அந்த நாளில் அன்னமியப் பெண்ணுக்குக் கிடையாது. சிறைக்குள் போனால் எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது.

“அறையை இந்நேரம் பெருக்கியிருப்பீங்களே?” என்று துரை கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு சின்ன ஆசை இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

“பெருக்காமலா! என் ஓட்டல்ல இருபத்தஞ்சே நிமிஷம். வந்து பாருங்க, தரையில மொகம் தெரியும்” என்று மதாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடியேறினார். நான் பின்னால் போனேன், பலிக்குப் போகும் ஆடு மாதிரி.

மதாம் கதவைத் திறந்தார்.

வெள்ளைத் தரை. சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. மதாம் மெள்ளத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் கப்பல் ஊதியே விட்டது. அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் கண் தரைக்குப் போய்விட்டது.

பவுடரில் தடம் இருந்தது. மேசையிலிருந்து கதவுக்கு வரும் சின்னக் குதிகால் சப்பாத்து ஒரு வரிசை. அது அம்மாள் சாப்பிடப் போனது. கதவிலிருந்து மேசைக்குப் போய், அங்கே சற்று நின்று, திரும்பி வரும் பெரிய பூட்ஸ் ஒரு வரிசை. வெறுங்கால் தடம் ஒன்றுகூட இல்லை. எங்கள் பெண்கள் யாரும் சப்பாத்து போடுவதில்லை. அது மதாம் போட்ட சட்டம்.

துரையும் பார்த்துவிட்டார். “நான் ஒரு தடவை நல்லாத் தேடிப் பாக்குறேன்” என்று அவசர அவசரமாகக் காலை உள்ளே வைக்கப் போனார். மதாமின் குட்டைக் கை அவர் மார்புக்குக் குறுக்கே விழுந்தது.

“முசியே, அங்கயே நில்லுங்க. விருந்தாளி ஏறுன கப்பல் ஊதுற வரைக்கும் எங்க ஓட்டல்ல அறையைத் தொடுறதில்ல. அது இங்க சட்டம். ஆரம்பத்துலேருந்து அப்படித்தான். கேளுங்க இவளை.”

“ஆமா முசியே, ஆரம்பத்துலேருந்து” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமானவர். குனிந்து தடத்தைப் பார்த்தார். பிறகு, “சிரமம் இல்லன்னா ஒரு காலைத் தூக்குங்க” என்றார் துரையிடம். லாடம் அடிக்கக் காட்டும் குதிரை போல அவர் காலைத் தூக்கினார். பூட்ஸ் தையலில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர்.

“அட, இப்பத்தான் ஞாபகம் வருது” என்றார் துரை. “கொக்கி சரியில்லன்னு நானே எடுத்து நகைக்கடையில குடுத்தேன்.”

“எந்தக் கடை?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இன்ஸ்பெக்டர், கப்பல் பன்னெண்டுக்கு” என்றார் மதாம். “முசியே இதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லன்னு. எழுத மனசில்லன்னா நானே கப்பலுக்கு வந்து மதாமுக்கு இந்தத் தடத்தை வெவரமாச் சொல்றேன்.”

அவ்வளவு வேகமாக ஒரு துரை எழுதி நான் பார்த்ததில்லை. அந்த வளையல் பிறகு இதே ஊரில் ஒரு கையில் மின்னியதாகக் கேள்வி. யார் கை என்று ஓட்டல்காரி சொல்லக் கூடாது.

லான் விடுபட்டதும் என் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கப்பல் ஊதியது. மதாம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இப்பப் பெருக்கலாமா, மகாராணி?” என்று என்னைக் கேட்டார். பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு, தூசிக் கதையை விட்டுவிட்டு நிஜத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாடை, விளக்குமாறு, அந்தச் சத்தம், எல்லாவற்றையும்.

மதாம் வெகுநேரம் சாவிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப இத்தனை வருஷமா நான் கப்பலுக்குப் பத்துப் பேருன்னு கருமாதி பண்ணிட்டுருந்திருக்கேன்!” என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே விதிப் புத்தகத்தை இழுத்து ஏழாவது விதியை எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘சுகாதாரம்’ என்று போட்டார். பிஷப்புகள் உட்காரக் கூடத்தில் நாலு சாய்வு நாற்காலி வாங்கினார். ரயிலில் போகிறவர்களுக்கு என்ன கணக்கு என்று கேட்டேன். “ரயிலும் ஊதும்தானே” என்றார்.

அதன் பிறகு எனக்கு வளர்ச்சிதான். மூன்று மாடிக்கும் பொறுப்பு கொடுத்தார். கூடவே, புறப்படும் விருந்தினரை வாசலில் நின்று வழியனுப்பும் வேலையையும் கொடுத்தார். அதற்கு மட்டும் மறுத்தேன். புருஷனை இழந்தவள் எதிரில் வந்தால் எங்கள் ஊரில் புறப்பட்டவர்கள் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் என்றேன். மதாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“நானும் புருஷனைப் பறிகுடுத்தவதான். இருபது வருஷமா இந்த வாசல்லதான் நிக்கிறேன். ஒரு கப்பலும் முழுகல. போய் நில்லு.”

நின்றேன். சொந்த ஊரில் எந்த முகம் எதிரே வரக் கூடாதோ, அந்த முகத்தைப் பார்த்துக் கைகுலுக்கிவிட்டுத்தான் இங்கே ஜனங்கள் கடல் ஏறினார்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று மதாமிடம் நான் சொன்னதே இல்லை. அவர் முதுமையில் ஊர் திரும்பியபோதும் நான்தான் வாசலில் நின்றேன். போகிறேன் என்று சொல்லக் கூடாது, போய் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று தமிழிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். கிழவி அதைத் திருத்தமாகச் சொன்னார். வரவில்லை. அவர் அறையைப் பெருக்க எனக்கு எட்டு நாள் ஆயிற்று, ஓட்டல் அப்போது என் பொறுப்பில் இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

இதுதான் இவோனின் முதல் கேள்விக்குப் பதில். இதை எழுதி முடித்தபோது இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. எழுதி அனுப்பப் பொறுமை இல்லை. நேற்றுக் காலை நானே நடந்து போனேன். நான் இப்போது இருப்பது ஓட்டலுக்குப் பின்னால் நாலாவது தெரு.

லான் என் பழைய அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் விளக்குமாறு. எதிரே இவோனின் யந்திரம் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

“மதாம், கப்பல் இன்னும் ஊதலியே” என்றாள் லான், நான் வாயைத் திறக்கும் முன்பே.

“ஊதாதுடீ. போறவ அறையைத்தான் பெருக்கக் கூடாது. நான் எங்க போறேன்?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் கையில் மைத்துனர் மகன் போன மாதம் போட்ட கடிதம் இருந்தது. அதே வாசகம்தான், அடுப்படிக்குப் பதில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். அதை நாலாகக் கிழித்துத் தூசியோடு தூசியாகத் தரையில் போட்டேன்.

லான் எழுந்து கதவைத் திறந்தாள். யந்திரத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு விளக்குமாற்றால் பெருக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அது எனக்கு வெறும் பெருக்கும் சத்தமாகக் கேட்டது. கட்டிலுக்கடியில் ஒரு மூலையை விட்டுவிட்டாள். சொன்னேன்.